அம்மன் சாய்ந்த பக்கம்

இதனால் ஊர் ஜனங்கள் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மாரியம்மன் தன் திருவுள்ளத்தைத் தெரிவித்துவிட்டாள். தெரிவித்த இடம் சின்னக்கா வீட்டு இருட்டறை. தெரிந்துகொண்டவர் மணியக்காரர் பெரியண்ணன்.

திருவிழாவுக்காக அந்த அறையில் வளர்ந்த முளைப்பாரி முழுக்க மேற்கே சாய்ந்திருந்தது. மேற்கே மணியக்காரர் வீடு.

"ஆத்தா எங்க தெருவத்தான் கேக்கறா. இந்த வருசம் ஊர்வலம் கீழத்தெருவுக்கு வராது" என்றார்.

கீழத்தெரு சின்னக்காவின் தெரு. முளை வளர்த்தவள் வாசலுக்கே சாமி வராதென்றால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மேக்குச் செவுத்துல ஓட்டை இருக்குதுங்க. வெளிச்சம் வர்ற பக்கம் சாயுது."

"சாமி காரியத்துல ஓட்டை ஒடசல் பேசாத!"

முளைக்குள் ஊறும் ஒரு சாறு இருட்டான பக்கத்தில் சேர்ந்து, அந்தப் பக்கத்தை நீட்டி, முளையை வெளிச்சத்தின் பக்கம் வளைக்கிறது என்று சீமையில் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள். சின்னக்கா சீமைக்குப் போகவில்லை. மேற்கு ஓட்டையைச் சாணியால் அடைத்துவிட்டு, கடப்பாரையால் வடக்குச் சுவரில் ஒரு போடு போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் ஊரையே கூட்டிவந்து கதவைத் திறந்தாள். முளையெல்லாம் வடக்கே சாய்ந்திருந்தது. வடக்கே, மதுவிலக்கு வந்து மூடிய கள்ளுக்கடை.

"ஓட்டைய நாந்தான் போட்டேன். ஆத்தா இப்ப எந்த எடத்தக் கேக்கறான்னு நீங்களே சொல்லுங்க மணியக்காரரே. அங்கயே போலாங்களா?"

கூட்டம் சிரித்தது. மணியக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஊர்வலம் வழக்கம்போல எல்லாத் தெருவுக்கும் போயிற்று.