கால்குழியும் பனிக்கரடியும்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. ஒரு பத்திரிகை கேட்டது: "பருவநிலை மாற்றமும் பனிக்கரடியின் வேட்டையும்." ராயபுரத்தில் வளர்ந்த எனக்குத் தெரிந்த பனி, மீன் பெட்டியில் கொட்டும் ஐஸ்தான்.

முதல் தொடக்கம்: "அந்த வெண்ணிற மௌனத்தில் தன்னந்தனியே..." அடித்துவிட்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய எனக்கு மௌனம் எங்கே வெள்ளையாகத் தெரிந்தது?

2

படித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவு. கடல்நாய் மூச்சுவிட உறைபனியில் ஓட்டை வைத்திருக்கும். கரடி அதன் பக்கத்தில் மணிக்கணக்கில் அசையாமல் காத்திருக்கும். இப்போது பனி சீக்கிரம் உடைகிறது. ஓட்டை இல்லை, திறந்த கடல். நீந்தும் கடல்நாயைத் துரத்திப் பிடிக்கும் வேகம் கரடிக்குக் கிடையாது.

இதை எண்ணூரிலிருக்கும் என் அக்கா மெர்லினிடம் சொன்னேன். கழிமுகத்தில் கையால் இறால் பிடிப்பவள். சேற்றை மிதித்துக்கொண்டே போவாள். கால் பதிந்த குழிகளில் இறால் வந்து ஒதுங்கும். திரும்பி வந்து துழாவுவாள். இப்போது சேற்றின் மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்துவிட்டது. காலை எடுத்ததும் குழி மூடிக்கொள்கிறது.

"இன்னாடா, உன் கரடியும் குழிய பாத்துகினுதான் குந்திகீதா?"

"ஆமாக்கா."

"பனி இல்லாங்காட்டி?"

"கரைக்கு வந்துடும். பட்சி முட்ட, குப்ப, எது கெடைக்குதோ அத துன்னும்."

"குப்பையா? அப்ப நாளைக்கு என்கூட வரச் சொல்லு. ரெண்டு பேருக்கும் ஒரே வேல."

(கிண்டல் மட்டுமில்லை. ஒரு ஒப்பந்தக்காரர் அவளைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். அன்றைக்குப் பறி பாதியாவது நிறையாவிட்டால் போய்விடுவதாக முடிவு செய்திருந்தாள். பறி என்பது இறாலைப் போடும் ஓலைக் கூடை. பல்லில் கடித்துக்கொண்டு துழாவுவார்கள்.)

3

நாற்பது குழி மிதித்தாள். குறிப்பெடுக்கலாமென்று நானும் இறங்கினேன். பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"டேய் எரும, கரைய ஏறு. இருக்கறதயும் பேஜாரு பண்ணாத."

ஏறினேன். அவள் நாற்பதையும் துழாவினாள். முக்கால்வாசி மூடியிருந்தன. பதினொரு இறால். பறியின் அடி தெரிந்தது.

முடிவு ஒன்று: இறால் கூட்டமாக வந்தது. (பொய்.)

முடிவு இரண்டு: கரடி பட்டினியில் சரிந்து... (இதற்குப் பரிசு கிடைக்கலாம். கரடிக்குக் கிடைக்காது.)

4

ஒரு குழி பாக்கி. அது அவளுடையதல்ல, என்னுடையது. என் கனத்துக்குச் சாம்பலைத் தாண்டிப் பழைய சேறு வரை இறங்கி, மூடாமல் நின்றது. அவள் அதை உற்றுப் பார்த்தாள். முழங்கை வரை கையை விட்டாள்.

"இருக்குதா..." என்று ஆரம்பித்தேன்.

பறியைக் கடித்தபடி முறைத்தாள். நிழல் ஆடினாலும் இறால் ஓடிவிடும். கரடிக்கும் அதே சட்டம்தான்.

கை இன்னும் வெளியே வரவில்லை. நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்களும் கொஞ்ச நேரம் அசையாமல் நில்லுங்கள்.