உறவினரிடம் சேர்க்கப்பட்டாள்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரே ஒரு வரி. எங்கள் ஏழைகள் சகாய சங்கத்தின் 1938ஆம் ஆண்டு அறிக்கையில் நானே எழுதியது: "தோணித்துறையில் கிடந்த பெண் ஒருத்தி உறவினரிடம் சேர்க்கப்பட்டாள்." கூட்டத்தில் வாசித்தபோது கைதட்டினார்கள். ஐந்து வருஷம் போயும் அதை நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது.

2

முதல் தொடக்கம்: "மாலை வெயிலில் வாவி பொன்னாய் மின்ன, கருணை உள்ளம் கொண்ட வாலிபன் ஒருவன்..."

அடித்துவிட்டேன். வெயில் எனக்கு நினைவில்லை. வாலிபனுக்கோ அப்போது முப்பத்தாறு வயது, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர்.

இரண்டாவது தொடக்கம்: அவளுக்குச் சீதேவிப்பிள்ளை என்று பெயர் வைப்போம். (உண்மைப் பெயர் அல்ல. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.) நாற்பது வயதிருக்கும். மழையானாலும் கூரைக்குக் கீழே படுக்கமாட்டாள். ஆளில்லாத பக்கம் பார்த்துப் பேசுவாள், சில நாள் ஏசுவாள். காலில் ஆறாத புண். ஆஸ்பத்திரி என்றால் எழுந்து நடந்துவிடுவாள். காத்தான்குடிப் புடைவை வியாபாரி, நான் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் உசனாரும் நானும் பின்னேரங்களில் கஞ்சியும் வேப்பிலை அவித்த தண்ணீரும் கொண்டு போவோம். அவர் தண்ணீரை ஊற்ற, அவள் புண்ணைக் கழுவுவாள். இப்படி எட்டு மாதம்.

3

எங்கள் மட்டக்களப்புப் பகுதியில் ஒருவருக்கு வீடு இல்லாமல் போகலாம், குடி இல்லாமல் போகாது. தாய்வழியில் வருகிற குலப்பிரிவு அது. குடி தெரிந்தால் சொந்தக்காரரைப் பிடித்துவிடலாம். சங்கத்தில் நாங்கள் வேலை செய்த முறையே அதுதான்: முதலில் குடியைக் கேள், பிறகு ஆளை ஒப்படை.

"உங்கட ஆக்கள் ஆர் அக்கா? எந்தக் குடி?"

"எனக்கு ஆக்கள் இல்ல தம்பி. கஞ்சி தாறெண்டாத் தாங்க. இதக் கேக்கிறெண்டா வராதீங்க."

திரும்பி வரும்போது உசனார் காக்கா சொன்னார். "விடுங்க தம்பி. புண்ணப் பாத்தீங்களா? கால வளைச்சிக் காப்புப் போட்ட மாதிரி கிடக்கு. ஆரோ கட்டி வெச்சிரிக்காங்க."

"அதுக்காக நாம எத்தின நாளைக்குக் கஞ்சி சுமக்கிற, காக்கா?"

(இந்த வாக்கியத்தை மூன்று வரைவுகளில் நீக்கியிருந்தேன். எனக்கு அவள்மீது கோபமில்லை, அலுப்பு. எட்டு மாதத்தில் அவள் கொஞ்சமும் தேறாதது எனக்கு அவமானமாக இருந்தது.)

4

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு. "சோறு தருவாங்க, வாங்க அக்கா" என்று கூட்டிப்போனேன். சோறு தந்தார்கள், அதில் பொய்யில்லை.

அங்கே ஒவ்வொரு குடியாகப் பெயர் சொல்லி அழைத்து மரியாதை கொடுப்பார்கள். அவள் வெளியே மணலில் இருந்தாள். நான் அம்மனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பெயர் போயின. ஐந்தாவது பெயரைக் கூப்பிட்டதும் அவள் சோற்றுக் கையை நிறுத்தி, மற்றக் கையால் சீலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். தன் ஆட்கள் நடுவே நிற்கும் பெண் செய்கிற காரியம் அது.

அந்தக் குடியின் மூத்தவரிடம் அடையாளம் சொல்லிவிட்டேன். ஆறாம் நாள் வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து நல்லரத்தினம் (இதுவும் நான் வைத்த பெயர்) என்ற அவளுடைய தம்பிக்காரன் தோணியில் வந்து இறங்கினான்.

5

மரியாதையான மனிதன். என் கையைப் பிடித்து, "பெரிய உதவி ஐயா. ஒண்டரை வருசமாத் தேடுறம்" என்று அழுதான். தோணியில் புதுச் சீலை ஒன்று வைத்திருந்தான். பக்கத்தில் கயிறும் இருந்தது. தோணி என்றால் கயிறு இருக்கும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிக்கைக் கூட்டத்தில் சீலையை மட்டும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. வேப்பிலைத் தண்ணீரோடு நின்ற உசனார் காக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"காக்கா, நீங்களா சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாவியைப் பார்த்தேன். அவர் வேப்பிலைத் தண்ணீரைக் கீழே வைத்தார். அவரைத்தான் பழிகாரராக நினைத்துக்கொண்டு அவள் தோணியில் ஏறினாள். (முதல் வரைவில் கோயிலுக்குக் கூட்டிப்போனதும் உசனார்தான் என்று எழுதியிருந்தேன். அந்தத் தாளைக் கிழித்தது மட்டுமே இந்தக் கதையில் நான் செய்த நல்ல காரியம்.)

6

முடிவுகள்.

அ) தம்பி வீட்டில் புண் ஆறி, அவள் இப்போது—

ஆ) அடுத்த மழைக்கே தப்பி, வேறொரு துறையில்—

இ) கயிறு

மூன்றையும் முடிக்க முடியவில்லை. முடிவை வாசகரிடம் விடுவது உத்தி என்பார்கள். என் விஷயத்தில் உத்தியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. முடிவு எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் போய்ப் பார்க்கவில்லை. தோணியில் அரை மணி நேரம். ஐந்து வருஷத்தில் ஒருநாள்கூடப் போகவில்லை. உசனார் காக்கா ஒருமுறை போனாராம். அவரிடம் கேட்கவும் பயந்து, புடைவைக் கடைப் பக்கமே போவதில்லை.

ஊரின் பெயரை எழுதியிருந்தேன், அதையும் அடித்துவிட்டேன். ஒருமுறை அவளைக் காட்டிக் கொடுத்தது போதும். ஆகவே முடிவைத் தேடி நீங்கள் போக முடியாது. போகக்கூடியவன் நான்தான். நாளை ஞாயிற்றுக்கிழமை, கச்சேரி இல்லை. விடியத் தோணி இருக்கிறது. போய்வந்து இந்த இடத்தை நிரப்புகிறேன்.

இந்தக் கடைசி வரிகளைப் போன சனிக்கிழமையும் எழுதியிருந்தேன்.