இரண்டு கேமராவும் ஒரு சுவரும்

என்னிடம் இரண்டு டிஜிட்டல் கேமராக்கள் இருந்தன. தனியாக இருக்கிறவனுக்கு ஒன்றே அதிகம். இரண்டு எப்படி வந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஹரிராம். மின்வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவன். ஓய்வு பெற்ற மறு வருஷம், 2006இல், பொங்கல் கழித்து டவுன்ஹால் ரோட்டில் ஒரு கேமரா வாங்கினேன். ஐந்து மெகாபிக்சல், வெள்ளி நிறம், பென்சில் செல் இரண்டு போடுவது. எதற்கு வாங்கினேன் என்று கேட்டால் பதில் கிடையாது. என் மனைவி சூடாமணி இறந்து அப்போது இரண்டு வருஷம். சாயங்காலத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். டெக்சாஸில் இருக்கும் மகள் வித்யாஸ்ரீயிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை. அவளும் என்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். அவளுடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் ஆடி மாதம் லீவில் ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தால் அதே கம்பெனி, அதே வெள்ளி நிறம், ஆறு மெகாபிக்சல். என்னுடையதற்கு அடுத்த மாடல்.

ஞாயிற்றுக்கிழமை போனில், இதைத்தான் வாங்கணும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டில் ஒன்றை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன். மகள் கொடுத்ததை விற்க மனசு வராது, என்னுடையதை விற்பதுதான் முறை. ஆனாலும் எது நல்லது என்று தெரியாமல் ஒரு பொருளைக் கைவிடுவது எனக்குப் பிடிக்காது. எங்கள் ஆபீஸில் ஒரு மீட்டர் மேல் சந்தேகம் வந்தால், பக்கத்திலேயே இன்னொரு மீட்டரை மாட்டுவோம். அதற்குச் செக் மீட்டர் என்று பெயர். ஒரே கரண்டை இரண்டு வழியாகவும் ஓடவிட்டு, எது சரியாக ஓடுகிறது, எது மெதுவாக இழுக்கிறது என்று பார்ப்போம். கேமராக்களையும் அப்படியே பார்த்தேன். முன்னறையில் நீலச் சுவர். அதில் சூடாமணி காலண்டர் மாட்ட அடித்த ஆணி ஒன்று உண்டு. எதிரே ஸ்டூலைப் போட்டு, முதலில் இந்தக் கேமரா, பிறகு அந்தக் கேமரா என்று சுவரை எடுத்தேன். இரண்டிலும் அதே நீலம், அதே ஆணி. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. லோடு இல்லாத, கரண்டே ஓடாத மீட்டர் எதைக் காட்டும்? சுவர் முன்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும். என் வீட்டில் அந்த ஆள்தான் இல்லை.

இலவச விளம்பர வாரப் பத்திரிகை ஒன்றில், 'டிஜிட்டல் கேமரா விற்பனைக்கு, வில்லாபுரம்' என்று போன் நம்பரோடு போட்டேன். மறுநாளே ஒருவர் வந்தார். அவனியாபுரத்தில் கல்யாணத் தரகர். பெண் வீட்டுக்குப் போகும்போதே போட்டோ எடுத்துவிட்டால் ஸ்டுடியோக்காரனைக் கெஞ்ச வேண்டாம் என்பது அவர் கணக்கு. "ஒரு நிமிஷம் அந்தச் சுவத்துக்கிட்ட நில்லுங்க, ரெண்டுலயும் எடுத்துக் காட்டுறேன்" என்றேன். நின்றார். எடுத்தேன். அப்பாடா, வித்தியாசம் தெரிந்தது! என்னுடையதில் முகம் கொஞ்சம் மஞ்சளாக வந்தது. மகளுடையதில் சிவப்பாக வந்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினோம். காபி போட்டுக் கொடுத்தேன். அந்த வீட்டில் இரண்டு டம்ளர் ஒரே நேரத்தில் எச்சிலாகி எவ்வளவு நாள் ஆகியிருந்தது!

விலை கேட்டார். "இன்னும் செக் முடியலை. அடுத்த வாரம் போன் பண்றேன்" என்றேன். போன் பண்ணவில்லை.

அதுதான் ஆரம்பம். தப்பு என்று தெரியும். விளம்பரத்தை எடுக்காமல் வாராவாரம் போட்டேன். வாரத்துக்கு ஒருவர், இரண்டு பேர் வந்தார்கள். தெப்பக்குளம் பக்கத்திலிருந்து ஒரு டீச்சரம்மா ஸ்கூல் சுற்றுலாவுக்கென்று வந்தார். டிராக்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் காசிமாயன் என்ற பெரிய மீசைக்காரர் வந்தார். எல்லாரையும் சுவர் முன்னால் நிறுத்தினேன். எல்லாருக்கும் காபி கொடுத்தேன். எல்லாரிடமும் இன்னும் செக் முடியவில்லை என்றேன். முப்பத்தொரு வருஷம் நான் போய் நின்றால் கதவு திறந்தது. 'இ.பி.க்காரர் வந்திருக்காரு' என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். இப்போது என் கதவை ஒருவர் தட்டுகிறார் என்றால் அது சின்ன விஷயமா?

இதற்குள் இன்னொரு பொய்யும் சேர்ந்துகொண்டது. வித்யாஸ்ரீ ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள், "தனியா இருக்கீங்களேப்பா, வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துருங்க" என்று. டெக்சாஸில் நான் என்ன செய்வேன்? பனியனோடு வாசலில் நிற்கக்கூட முடியாதாம். அதனால், "தனியா எங்கம்மா இருக்கேன்? சாயங்காலமானா ஃப்ரெண்ட்ஸ் வந்துடறாங்க" என்றேன். சாட்சிக்குப் படங்களும் இருந்தனவே. திங்கட்கிழமை தோறும் பிரவுசிங் சென்டருக்குப் போய் அவளுக்கு மெயிலில் அனுப்பினேன். தரகர் ஒரு வாரம், டீச்சரம்மா ஒரு வாரம், மீசைக்காரர் ஒரு வாரம். அவள் அதற்குப் பிறகு டெக்சாஸ் பேச்சை எடுக்கவில்லை. விற்றுவிட்டால் ஆள் வராது, ஆள் வராவிட்டால் படம் இல்லை, படம் இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டச் சொல்லுவாள். கேமராவை விற்காமல் இருப்பதில்தான் என் பிழைப்பே ஓடியது.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை விருமாண்டி வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். வரும்போதே அவசரமாக வந்தார். செருப்பை வாசலில் உதறிவிட்டு, "சார், வர்ற ஞாயித்துக்கெழம அழகர்கோவில்ல எம்மகளுக்கு முடி எறக்கிக் காது குத்துறோம். இன்னைக்கே கேமரா வேணும்" என்றார்.

"உக்காருங்க தம்பி. காபி குடிங்க. ரெண்டு இருக்கு, செக் பண்ணிப் பாத்துட்டு..."

"செக்கெல்லாம் வேணாம் சார். குடுங்க, பாப்போம்."

என் கையிலிருந்து பழைய கேமராவை வாங்கினவர், படம் பார்க்கிற பொத்தானை அமுக்கிவிட்டார். கார்டை நான் காலி பண்ணி வைக்கவில்லை. ஏன் பண்ண வேண்டும்? எந்த நாளும் விற்பதாக இருந்தால்தானே! அவர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். நீலச் சுவர், ஒரு ஆள். நீலச் சுவர், இன்னொரு ஆள். ஓரிடத்தில் கட்டைவிரல் நின்றது.

"இது எங்க மச்சான் காசிமாயன்ல?"

காபி டம்ளரை ஸ்டூல் மேல் வைத்தேன்.

"மச்சான் சொன்னாரு சார்" என்று விருமாண்டி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வில்லாவரத்துல ஒருத்தரு இருக்காரு, விக்க மாட்டாரு, போட்டாப் புடிச்சுக் காப்பி குடுத்து அனுப்பிச்சிருவாரு, போகாத மாப்ளன்னாரு. அது நீங்கதானா? வெளம்பரத்தப் பாத்துட்டு வேற ஆளுன்னு நெனச்சுல்ல வந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்துவது எனக்கு வரும். மீட்டரில் கை வைத்த எத்தனை பேரைத் தெருவில் நிற்கவைத்துக் கத்தியிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. சுவரைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த ஒற்றைத் தட்டைப் பார்த்தார். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

"வீட்ல யாரும் இல்லையாண்ணே?" என்றார். அதுவரை சார் என்று சொன்ன மனிதர்.

"இல்ல."

"இம்புட்டுப் பேரப் புடிச்சிருக்கீக, ஒங்க படம் ஒண்ணுகூட இல்லையே."

"எனக்கெதுக்கு தம்பி. நான்தான் எடுக்கிற ஆளு."

விற்றுவிட்டேன். வேறு என்ன செய்ய? விருமாண்டிக்கும் பழையதுதான் பிடித்திருந்தது. மலையடிவாரத்தில் எந்தப் பெட்டிக்கடையிலும் பென்சில் செல் கிடைக்கும், மற்றதற்குச் சார்ஜ் போட எங்கே ஓடுவது என்றார். எட்டு மாதமாக இரண்டையும் ஒப்பிட்ட எனக்கு அந்த ஒரு விஷயம் தோன்றவில்லை. மெனுவில் தேடி எல்லாப் படங்களையும் அழித்துக் கொடுத்தேன். 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று கேட்டது. ஆம் என்று அமுக்கினேன். பத்து விநாடியில் தானாக எடுக்கும் டைமரையும் காட்டிக் கொடுத்தேன். "குடும்பமே சேந்து நிக்கும்போது ஆகும் தம்பி" என்றேன். எனக்கு அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

படியிறங்கும்போது, "ஞாயித்துக்கெழம வாங்கண்ணே. கெடா வெட்டு இருக்கு" என்றார். நாங்கள் கறி சாப்பிடுவதில்லை என்று சொல்லி அவரைச் சங்கடப்படுத்தவில்லை. "பாப்போம்" என்றேன். பெயர்கூடக் கேட்காமல் கூப்பிட்ட அழைப்பு அது. போகவில்லை. விளம்பரத்தையும் நிறுத்திவிட்டேன்.

அந்த ஞாயிறு வித்யாஸ்ரீ கூப்பிட்டாள். நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவர்கள். சூடாமணி போன பிறகு அந்தப் பேச்சு என் வாயில் வருவது வாரத்தில் அந்த ஐந்து நிமிஷம்தான். சில ஞாயிறு முதல் வார்த்தைக்குத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

"இந்த வாரம் படம் வரலையேப்பா. ஃப்ரெண்ட்ஸ் யாரும் வரலையா?"

இன்னொரு பொய் ரெடியாக இருந்தது. அழகர்கோவிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் விருமாண்டி அந்தத் தட்டைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. அலுத்துப் போய்விட்டது.

"இனிமே வரமாட்டாங்கம்மா" என்றேன். இரண்டு கேமரா கதையை முழுசும் சொன்னேன். விளம்பரம், சுவர், காபி, எல்லாவற்றையும். "நீ குடுத்தது பத்திரமா இருக்கு. வித்தது என்னோடது" என்று சேர்த்துக்கொண்டேன். இனி டெக்சாஸ் பேச்சு வரும் என்று காத்திருந்தேன்.

அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"அவங்க ஃப்ரெண்ட்ஸ் இல்லைன்னு தெரியும்பா."

"எப்படித் தெரியும்?"

"எட்டு மாசமா அனுப்பினீங்க. ஒருத்தர்கூட ரெண்டாவது தடவை வரலையே."

சுவர் முன்னால் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். எட்டு மாதம் ஒரு பிள்ளையை ஏமாற்றினோம் என்று வருத்தப்படுவதா, ஏமாற்றக்கூடத் தெரியவில்லையே என்று வெட்கப்படுவதா?

"தெரிஞ்சும் ஏன் கேட்கலை?" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"கேட்டா அனுப்புறதை நிறுத்திடுவீங்களே." என்றாள். "அந்த ஆளுங்களை யாருப்பா பார்த்தா? அவங்க பின்னாடி நம்ம சுவர் இருக்குல்ல. அம்மா அடிச்ச ஆணி இருக்குல்ல. எல்லாப் படத்தையும் பெருசாக்கி அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இங்க எனக்கு மட்டும் யாரு இருக்காங்க?"

அவளுக்கும் அங்கே சாயங்காலம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. கணவன் ராத்திரி எத்தனை மணிக்கு வருவான் என்றுகூட நான் கேட்டதில்லை. ஐந்து நிமிஷம் தாண்டிப் போனது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

வைத்த பிறகு கேமராவை எடுத்தேன். நீலச் சுவரை வெறுமனே ஒன்று எடுத்தேன். திரையில் பார்த்தேன். ஆணி தெளிவாக இருந்தது. ஆனால் ஆள் இல்லாத சுவரை ஒரு பெண்ணுக்கு எப்படி அனுப்புவது? ஸ்டூல் மேல் கேமராவை வைத்து டைமரை அமுக்கினேன். சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லாரையும் நிற்கச் சொன்ன இடத்தில், ஆணியை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நின்றேன்.