ரைஸலுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை

எங்கள் நகரத்து யூதர்களிடமிருந்து முதலில் செவ்வாய்க்கிழமையை வாங்கிக்கொண்டார்கள். நகராட்சிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வரிசையில் நின்று ஒப்படைத்தோம். கல்யாணம் வைக்க எங்களுக்கு உகந்த நாள் அதுதான். இரண்டு வீடுகளில் தேதியை மாற்றினார்கள்.

அதன்பிறகு திங்களன்று படுத்தால் புதன் காலை எழுவோம். நடுவில் நாங்கள் எங்கும் இருப்பதில்லை. ரொட்டி மட்டும் காய்ந்திருக்கும். என் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் புதன்வரை இருமிக்கொண்டிருந்தார்கள். இலையுதிர் காலத்தில் வியாழனையும் கேட்டார்கள். கொடுத்தோம்.

ஜனவரியில், கடல் கடந்து போய்விட்ட என் மைத்துனர் கடிதம் எழுதினார். எங்கள் மகள் ரைஸலுக்கு ஒன்பது வயது. பிள்ளைகளை மட்டும் ஏற்றிப்போகும் ரயிலில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. ரயில் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு.

நகராட்சிக்குப் போனேன். குமாஸ்தா ஹோஃபர் பத்து வருஷமாக என்னிடம் வயிற்றுவலிக்கு மருந்து வாங்குகிறவர்.

“ஒரே ஒரு செவ்வாய். குழந்தைக்கு மட்டும்,” என்றேன்.

“வாங்கியதையெல்லாம் தலைநகருக்கு அனுப்பிவிட்டோமே, ஐயா,” என்றார். “வேறு கிழமையில் ரயில் இருக்கிறதா பாருங்களேன்.”

வேறு கிழமையில் ரயில் இல்லை.

எங்கள் மாடியில் குடியிருந்த சலவைக்காரி அகாதா யூதப் பெண் அல்ல. அவளிடம் ஏழு நாளும் இருந்தன. படிக்கட்டில் விஷயத்தைக் கேட்டதும், “என்னோடதை எடுத்துக்கங்க,” என்றாள். “செவ்வாய்க்கிழமை எனக்கு இஸ்திரிதானே. ஒரு வாரம் துணி கசங்கியே கிடக்கட்டும்.”

“தெரிந்தால் உன்னைச் சும்மா விடமாட்டார்கள், அகாதா.”

“அன்னிக்கு நான் இருக்கவே மாட்டேனே, ஐயா. யாரைப் பிடிப்பாங்க?”

ஒரு நாள் ஒருவருக்குத்தான் செல்லும். ஆகவே ரைஸல் தனியாக எழுந்து, தனியாக ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவளை இரண்டு முறை ஸ்டேஷன்வரை நடத்திப் பார்த்தேன். பாலத்தருகே வலதுபக்கம் திரும்ப வேண்டும். இரண்டு தடவையும் மறந்தாள்.

திங்கள் மாலை என் மனைவி பெர்லா அவளுக்கு இறுக்கிப் பின்னிவிட்டாள். “தலையை அசைக்காமல் தூங்கு. காலையில் பின்னிவிட யாரும் இல்லை.”

“நான் எழுந்திருக்கும்போது நீங்க ரெண்டு பேரும் எங்க இருப்பீங்க?”

“இருக்கமாட்டோம்,” என்றேன். “கட்டில் காலியாக இருக்கும். பயப்படாதே. பாலைக் குடி. கதவை இழுத்துச் சாத்து.”

“நான் எழுந்திருக்கலேன்னா?”

பெர்லா அலாரக் கடிகாரத்தை அவள் தலையணைக்கு அடியில் வைத்தாள். எடுத்து, மணி அடிக்கிறதா என்று பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

புதன் காலை எழுந்தோம். சின்னக் கட்டிலின் விரிப்பை மடித்து வைத்திருந்தாள். பால் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். நாற்காலிக்கு அடியில் ஒரு காலுறை கிடந்தது. பெர்லா அதைக் கையில் எடுத்து, “ஒரு கால் குளிருமே,” என்றாள்.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். “நூறு பிள்ளைங்களுக்கு மேல ஏறிச்சு,” என்றார் சுமைதூக்கி. “எந்த முகத்தைன்னு ஞாபகம் வச்சுக்க?” திரும்பும்போது, பாலத்துக்கு இடதுபக்கம் போகும் சாலையைக் கடைசிவரை நடந்து பார்த்தேன். தோல் பதனிடும் கொட்டகையோடு அது முடிந்துவிட்டது. அன்றிலிருந்து, எங்களுக்கு மிஞ்சிய நாளெல்லாம் நடந்தேன்.

ஏழாவது வாரம் புதன்கிழமை கடிதம் வந்தது. ரைஸலின் கையெழுத்து. பாலத்தில் தப்பாகத் திரும்பிவிட்டாளாம். பால்வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டுபோய் ஸ்டேஷனில் விட்டாராம். மாமா வீட்டு நாய் அவளோடுதான் தூங்குகிறதாம். பெர்லா நின்றபடியே நான்கு முறை படித்தாள். பிறகு மாடிக்குப் போய் அகாதாவுக்கும் படித்துக் காட்டினாள். இரண்டு பேரும் அழுகிற சத்தம் கீழே கேட்டது.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவையும் எடுத்துப்போனார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் கோடியிலிருந்து அதைப் பாய்போலச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள். எங்கள் வாசலில் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள், நின்றோம். சுருளை ஏற்றிக்கொண்டு லாரி போனபின், எங்கள் கதவுக்கும் எதிர்வீட்டுக் கதவுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. குறுக்கே போடப் பரணிலிருந்து நீளமான பலகை ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பெர்லா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.