பரிசோதனைக்கு முந்தைய தேதி

அமெரிக்காவின் டோலிடோ நகரில் லாரி ஓட்டிய லொரெட்டாவுக்குச் சரக்கு இறக்கும்போது முதுகெலும்பு விலகியது. கம்பெனி டாக்டர் அவளைப் பரிசோதித்தது புதன்கிழமை. ‘வெறும் நடிப்பு’ என்ற அவருடைய அறிக்கையிலோ முந்தைய நாள் செவ்வாய்க்கிழமைத் தேதி இருந்தது. அதை வைத்தே வேலையைப் பறித்தார்கள்.

வக்கீல் பெக்கம் அறிக்கையைப் பார்த்தார். “இதே டாக்டர், இதே கம்பெனி, இன்னும் ஒம்பது பேருக்கும் இப்படியே பண்ணியிருக்காங்க. கூட்டுச் சதின்னு வழக்குப் போடலாம்மா. ஆனா வலிக்கு நஷ்டஈடு கேக்க முடியாது. போன வேலைக்குத்தான் கேக்கலாம்.”

“வலியை விட்டுடச் சொல்றீங்க. நீங்களும் அவங்க ஆளா?”

அவர் கோபப்படவில்லை. “கூட்டுச் சதிச் சட்டத்துல உடம்பு வலிக்கு இடமில்லம்மா. அந்த ஒம்பது பேரும் பேசச் சம்மதிச்சிருக்காங்க. அவங்களையே கேளுங்க.”

காரில் உட்கார்ந்து அவர்களில் நான்கு பேரிடம் போனில் பேசினாள். பிறகு வக்கீல் ஆபீசுக்குள் போய், வழக்கு மனுவின் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.