ஆமென் சொல்வதற்கு முன்

ரீபா பெங்களூரிலிருந்து திரும்பிய நாள் முதல் ஜாபேஸுக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. கணவனும் மனைவியும் பாளையங்கோட்டையில் ஒரே கால்நடை மருத்துவமனையில் டாக்டர்கள். குதிரை மூட்டுக்குள் கேமராக் குழாயை விட்டுச் செய்யும் அறுவைச் சிகிச்சைக்கு பெங்களூரில் நடந்த உயர் பயிற்சிக்கு இருவரும்தான் விண்ணப்பித்தார்கள். ஒரே இடம், அது அவளுக்குக் கிடைத்தது. "எம் பொண்டாட்டிக்குத்தாம்லே கெடச்சிருக்கு" என்று ஊரெல்லாம் பெருமை பேசினான். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டை ஓங்கி வைத்தான்.

சாத்தான்குளத்து இசக்கிமுருகன் தன் பந்தயக் குதிரையைக் கொண்டுவந்தார். இடது முன்னங்கால் முட்டிக்குள் எலும்புச் சில்லு பெயர்ந்து கிடந்தது. ஜாபேஸை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க ரீபா டாக்டரம்மா வீட்டுக்காரருதான? அம்மா எங்கன?" என்றார். அவனும் டாக்டர்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

மயக்க மருந்து கொடுக்கும் வேலை அவன் தலையில் விழுந்தது. குதிரையை மேசையில் மல்லாக்கக் கிடத்திக் கால்களை மேலே தூக்கிக் கட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரண்டு முன்னங்கால் முட்டியிலும் முடி மழித்தாயிற்று. ரீபா ஒரு முட்டியில் மருந்து தடவி, அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பச்சைத் துணியால் மூடினாள். கையுறைக் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"ஏங்க, ஜெபம் பண்ணுங்க."

ஜெபிக்காமல் சோற்றில்கூடக் கை வைக்காத குடும்பம் அவளுடையது. கணவன் இருக்கும் இடத்தில் கணவன்தான் ஜெபிக்க வேண்டும். எல்லோரும் கண்ணை மூடினார்கள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று தொடங்கியவனுக்கு, அவள் ஜெயிக்கத் தன் வாயாலேயே மன்றாட மனம் வரவில்லை. கண்ணைத் திறந்தான்.

துணிக்கு வெளியே நின்றது வலது முட்டி. மல்லாக்கக் கிடக்கும் குதிரையில் இடமும் வலமும் மாறித் தெரியும். அவள் ஏமாந்துவிட்டாள்.

அவன் நெஞ்சு துள்ளியது. சந்தோஷத்தில்தான், வேறென்ன! ஆமென் சொன்னால் போதும், நல்ல காலை அறுத்துவிட்டு நிற்பாள், ஊரே சிரிக்கும். ஆனால் அந்த ஆமென்தான் வாயில் வரவில்லை. சபைக்காக ஜெபித்தான், மழைக்காக ஜெபித்தான், தேயிலைத் தோட்டம் மூடியதால் மாஞ்சோலை மலையை விட்டு இறங்கிய சனங்களுக்காகவும் ஜெபித்தான். குதிரை நீளமாக மூச்சு விட்டது. பாவம், அது யாருக்கு என்ன செய்தது?

"ஆண்டவரே, இதனுடைய இடது முட்டியை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். இடது முட்டியை, ஆண்டவரே. ஆமென்."

ரீபா கண்ணைத் திறந்தாள். முட்டியைப் பார்த்தாள். துணியை உருவிப் போட்டுவிட்டு, இடது முட்டியில் புதிதாக மருந்து தடவினாள். சில்லு அலுங்காமல் வெளியே வந்தது. அப்படியொரு கை அவளுக்கு. பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

இசக்கிமுருகன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எல்லாம் இவங்க ஜெபந்தான்" என்றாள் அவள். பிறகு கை கழுவும் இடத்தில், குழாயைத் திறந்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"கண்ணத் தொறந்துதான ஜெபம் பண்ணுனீங்க?"

"ஆமா."

"மழைக்கு ஜெபிச்சீங்களே, அதுக்கு முந்தியே பாத்துட்டீங்களா, பொறவா?"

ஜாபேஸ் சோப்பைத் தேடினான். அது அவன் கையில்தான் இருந்தது.