சிந்தாத டம்ளர்

சிங்காரவேல் விழுந்தால் நெய்வேலியே சிரிக்கும். ஆயுத பூஜைக்கு டவுன்ஷிப்பில் போடும் மேடையில், கையில் டீ டம்ளரோடு ஏணியிலிருந்து உருண்டு வருவான். உடம்பு தரையில் கிடக்கும், கை மட்டும் மேலே நிற்கும், டம்ளரில் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. முன்வரிசை அதிகாரிகள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

வருஷக்கணக்காக உருண்டதில் இடது இடுப்பு போய்விட்டது. அது அவன் பெண்டாட்டி பட்டம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் அவனைப் பாயிலிருந்து தூக்கி உட்கார வைப்பவள் அவள். அந்த மேடையை விட்டுத் தொலை என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். அவன் கேட்கவில்லை. கம்மாபுரம் பக்கம் இருந்த நிலம் சுரங்கத்துக்குப் போனதிலிருந்து அவன் கான்ட்ராக்ட் கூலி. அதிகாரிகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் பர்மனென்ட் ஆகலாம் என்று நம்பினான். அந்த நம்பிக்கை பலித்தது. எண்பத்து மூன்றில் பர்மனென்ட் லிஸ்டில் அவன் பேர் வந்தது. ஆனால் மெடிக்கல் தேற வேண்டும்.

டாக்டர் வைத்திலிங்கம் நடந்து காட்டச் சொன்னார். இரண்டு எட்டு வைத்ததுமே கால் இழுத்தது. டாக்டர் முகம் மாறுவதைச் சிங்காரவேல் பார்த்தான். வேலை கையை விட்டுப் போகிறது என்று தெரிந்ததும், தனக்குத் தெரிந்த ஒரே வித்தையில் இறங்கினான். இழுத்த காலை இன்னும் இழுத்தான். மேஜையில் மோதினான், அந்த மேஜையிடமே மன்னிப்புக் கேட்டான், அதன்மேல் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு உருண்டான்.

"அடப்பாவி, ஆயுத பூஜை ஆளு நீதானா?" என்று டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நர்சுகளைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை விழச் சொன்னார். விழுந்தான். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு அப்பாடா என்று இருக்க முடிந்ததா? நொண்டுகிறான் என்று எவனாவது மேலே சொன்னால் மறுபடி மெடிக்கல். அதனால் சுரங்கத்திலும் நொண்டலை வேடிக்கையாகவே ஆக்கிக் காட்டினான். சரிவில் கால் மடங்கினால் சல்யூட் அடித்தான். ஷிப்ட் ஆட்கள் அவனோடு வேலை பார்க்கப் போட்டி போட்டார்கள். பாவி மனுஷன், மேடையில் அரை மணி ஆடியதை இங்கே எட்டு மணி நேரம் ஆடினான்.

"இன்னும் எத்தினி வருசம் இப்பிடியே ஆடிக்கினு இருப்ப?" என்று பட்டம்மாள் கேட்டாள்.

"ரிட்டயர் ஆவுற வரைக்கும்" என்றான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் ஷிப்ட் முடியப்போகும் நேரத்தில் சுரங்கச் சரிவில் ஏறும்போது சேறு வழுக்கிவிட்டது. இது அவனாக விழுந்தது இல்லை. இடுப்புக்குள் ஏதோ முறிந்த சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. மேலே நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஷிப்ட் இன்ஜினியரும் நின்று பார்த்தார். தூக்குங்கடா என்று தொண்டை வரைக்கும் வந்தது. தூக்கினால் ஆஸ்பத்திரி, அங்கே எக்ஸ்ரே, எக்ஸ்ரேயில் பழைய இடுப்பும் தெரிந்துவிடும். ஏமாற்றி வாங்கிய வேலை என்று பிடுங்கிக்கொள்வார்கள்.

சாப்பாட்டுத் தூக்கு கையில்தான் இருந்தது. அதைக் கோணாமல் மேலே உயர்த்திப் பிடித்தான்.

எல்லோரும் கை தட்டினார்கள். சங்கு ஊதியதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். கடைசி ஆளின் சிரிப்பு அடங்கும் வரைக்கும் சிங்காரவேல் கையை இறக்கவில்லை. அதற்கப்புறம்தான் கத்தினான்.